என்.எல்.சி.யில் என்ன வேலை? இருமலோடு வருபவர் சொல்ல வேண்டியதும் மருத்துவர் கேட்க வேண்டியதும்

நெய்வேலி டவுன்ஷிப்பிலோ மந்தாரக்குப்பத்திலோ ஒரு புறநோயாளிப் பிரிவு. அறுபதைத் தாண்டிய ஒருவர் மூன்று மாத இருமலோடு வந்திருக்கிறார். எதிரே பயிற்சி மருத்துவர்.

"ஐயா, என்ன வேலை பார்த்தீங்க?"

"என்.எல்.சி.ங்கம்மா. ரிட்டையர் ஆகி நாலு வருஷம் ஆச்சு."

கேஸ் ஷீட்டில் 'ஓய்வுபெற்ற என்.எல்.சி. ஊழியர்' என்று ஏறுகிறது. அடுத்த கேள்வி பீடி, சிகரெட் பற்றி. என்.எல்.சி. என்ற நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் இந்த ஊரில் இதைவிடப் பயனற்ற ஒரு வரியை எழுத முடியாது. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவரும் என்.எல்.சி.தான், பக்கெட் வீல் இயந்திரத்தை ஓட்டியவரும் என்.எல்.சி.தான், கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை மண்வெட்டியால் வாரிப் போட்ட ஒப்பந்தத் தொழிலாளியும் என்.எல்.சி.தான், கேன்டீனில் இட்லி ஊற்றியவரும் அப்படியே. இந்த நால்வரின் நுரையீரலும் முப்பது வருடத்தில் பார்த்த காற்று வேறு வேறு.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாட்சினி 1700-இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஹிப்போக்ரட்டீஸ் காலம் முதல் நோயாளியிடம் கேட்கப்பட்டு வந்த கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேருங்கள் என்று அதில் சொன்னார். மோடெனா நகரில் மலக்குழி அள்ளிய ஒருவர் ஏன் அவ்வளவு அவசரமாக வேலை செய்கிறார் என்று விசாரித்ததில்தான் அவருக்கு இந்த ஆர்வம் பிறந்தது. அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றாராம் அந்தத் தொழிலாளி. நெய்வேலியில் ரமாட்சினியின் கேள்வி ஒன்று போதாது. என்ன வேலை, எந்த இடத்தில், எத்தனை வருடம் என்று மூன்றாக உடைத்துக் கேட்க வேண்டும்.

நோயாளிகளுக்கும் இதையே சொல்கிறேன். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கூட்டம் நெரியும் நேரத்தில் அவர் கேட்கப்போவதில்லை. நீங்களாகவே சொல்லுங்கள்: "மைன்-2-ல பெல்ட் கிளீனிங், பதினெட்டு வருஷம், அதுக்கு முன்னாடி கல் உடைக்கிற கிரஷர்ல நாலு வருஷம்." இந்த ஒற்றை வாக்கியம் சில வேளை ஒரு ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

கரியைவிட மண்ணைக் கவனியுங்கள்

1935-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிவந்த கறுப்புப் பொருள்தான் இந்த ஊருக்கே ஆதி. 1956-இல் நிறுவனம் உருவானது. அன்று முதல் இங்கே இருமல் என்றால் எல்லோருடைய விரலும் கரித்தூளையே காட்டுகிறது. சளி கறுப்பாக வந்தால் பயம், வெள்ளையாக வந்தால் நிம்மதி. இது பாதிதான் சரி.

பழுப்பு நிலக்கரியை, அதாவது லிக்னைட்டை, வெட்டி எடுக்கும்போது அதன் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஈரமாக இருக்கும்வரை அது பெரிதாகப் பறக்காது. காய்ந்து நொறுங்கிய பின்தான், அதாவது பெல்ட் மாறும் இடங்களிலும் பங்கரிலும் இருப்புக் குவியலிலும்தான், தூள் கிளம்பும். மேலும், கரியின் தரம் ஏற ஏற நுரையீரலில் கரித்தூசி நோய் வரும் வாய்ப்பும் ஏறுகிறது என்பது பல நாட்டுச் சுரங்கங்களில் கண்டது. ஆந்த்ரசைட் அந்த வரிசையின் உச்சியில் இருக்கிறது, லிக்னைட் அடியில்.

கரிக்கு மேலே கிடக்கும் மண் அப்படியல்ல. நெய்வேலியில் லிக்னைட்டைத் தொடுவதற்கு முன் கடலூர் மணற்கல்லைக் குடைந்து இறங்க வேண்டும். சுரங்கத்தின் ஆரம்ப காலத்தில் இயந்திரங்களின் பற்களையே தேய்த்துத் தொல்லை கொடுத்த பாறை அது. தேய்த்தது அதிலுள்ள குவார்ட்ஸ், அதாவது படிக வடிவிலான சிலிக்கா. மூச்சில் போகும் அளவுக்கு நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கினால், அதை விழுங்கி அழிக்க வரும் செல்கள் தாங்களே அழிகின்றன. அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. சின்னச் சின்ன முடிச்சாகத் தொடங்கிப் பிறகு ஒன்றோடொன்று சேர்கிறது. இதுதான் சிலிக்கோசிஸ். சளியில் கறுப்பாக எதுவும் தெரியாது. பெரும்பாலும் பத்து, இருபது வருடம் கழித்துத்தான் வெளிப்படும். வேலையை விட்ட பிறகும் வளரும். பணி ஓய்வுக்குப் பின் மூச்சு வாங்கத் தொடங்கியவரிடம் பழைய வேலையைக் கேட்பது அதனால்தான் அவசியம்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கோலார் தங்கவயலுக்கு வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். அங்கே 1940களில் சோதித்துப் பார்த்தபோது பத்துத் தொழிலாளரில் நான்கு பேர் அளவுக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. ஆனால் அது பூமிக்கடியில், காற்றோட்டம் குறைந்த சுரங்கம். நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். இங்கே எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. மூடிய கேபினில் உட்கார்ந்து இயந்திரம் ஓட்டுபவருக்கும், ஆடிக்காற்றில் மேல்மண் கொட்டும் இடத்தில் நிற்பவருக்கும் வெகு தூரம். எந்த இடம் என்று கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

சாம்பலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அனல்மின் நிலையத்தின் பறக்கும் சாம்பலிலும் சாம்பல் செங்கல் செய்யும் இடத்திலும் சிலிக்கா உண்டு. பழைய பாய்லர்களில் குழாய்களுக்கு வெப்பக்காப்பு சுற்றுவது, பிரிப்பது ஆகிய வேலைகளைச் செய்தவர் என்றால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் உலகெங்கும் அந்தச் சுற்றில் கல்நார் கலந்திருந்தது. அதன் விளைவு தெரிய இருபது முதல் நாற்பது வருடம்கூட ஆகலாம்.

கேட்கும் விதம்

மாணவர்கள் வேலை வரலாற்றைப் பின்னாலிருந்து முன்னோக்கிக் கேட்கிறார்கள். கடைசி வேலையோடு நின்றுவிடுகிறது. முதல் வேலையிலிருந்து தொடங்குங்கள். "படிப்ப விட்டதும் மொதல்ல என்ன வேலைக்குப் போனீங்க?" என்றால் பதில் தானாக வரும்: பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுத்த கம்பெனி, கல்குவாரி, திருப்பூர் மில், பிறகு சொசைட்டி (கூட்டுறவுச் சங்க) தொழிலாளியாகச் சுரங்கம், அதன் பிறகு நிரந்தரம். நிரந்தரமான பின் பார்த்த வேலையைவிட அதற்கு முந்தைய வருடங்களில்தான் அவர் அதிகத் தூசி தின்றிருப்பார். சம்பளச் சீட்டில் பதிவானது நிரந்தர வேலை மட்டுமே.

இரண்டாவது கேள்வி சின்னது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. "லீவுல ஊருக்குப் போனா இருமல் குறையுதா?" நாலு நாள் லீவில் குறைந்து, வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள் மறுபடி இழுக்கத் தொடங்கினால், அது வேலையோடு சேர்ந்த ஆஸ்துமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். லீவிலும் அப்படியே இருந்தால் நாள்பட்ட அடைப்பு நோயா, தழும்பா, வேறேதுமா என்று தேட வேண்டும்.

வீட்டையும் கேளுங்கள். சுரங்கத்தில் கால் வைக்காத மனைவிக்கு ஏன் இருமல்? டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் கேஸ் அடுப்பு. சுற்றியுள்ள கிராமத்தில் இன்றும் பல வீடுகளில் வெந்நீருக்காவது முந்திரி விறகு. பீடியைத் தொடாத பெண்களுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்புக்கு விறகுப் புகை முக்கியக் காரணம். வேலை உடுப்பை வீட்டுக்குள் உதறுவதும் ஒரு வழி. கொசுவர்த்தியும் உண்டு: மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. வலை கட்டிப் படுப்பது மேல்.

இவ்வளவும் கேட்ட பிறகு வேலையின் மீதே பழியைப் போட்டுவிடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுபவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும், மாத்திரையை மாற்றினால் சில வாரங்களில் நிற்கும். படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தணிகிறது என்றால் இதயத்தைப் பாருங்கள். நெஞ்செரிச்சலோடு வரும் இருமல் வயிற்றிலிருந்து வரலாம். ஆகவே மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

டி.பி.யா, தூசியா?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. இதில் வேலை, வயது, வசதி எதுவும் பார்க்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஜீன் எக்ஸ்பர்ட் அல்லது ட்ரூநாட் கருவி சில மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்றும் சொல்லிவிடும். கொடுக்க வேண்டியது ஆழத்திலிருந்து இருமி எடுத்த சளி. எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு 'நெகட்டிவ்' என்று நிம்மதியாகத் திரும்புபவர்கள் ஏராளம்.

சிக்கல் எக்ஸ்ரேயில் தொடங்குகிறது. காசநோய் நுரையீரலின் மேல்பகுதியை விரும்பும். சிலிக்கோசிஸும் அங்கேதான் முதலில் முடிச்சுப் போடும். வேலை வரலாறு இல்லாத எக்ஸ்ரேயைப் பார்த்தால் பெரும்பாலோர் டி.பி. என்றே படிப்பார்கள். நம் நாட்டில் காசநோய் அவ்வளவு அதிகம். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் ஆறு மாதம் மாத்திரை. குறையவில்லை, இன்னொரு சுற்று. கல்குவாரிகளிலும் சுரங்கங்களிலும் இது பழைய கதை.

மாணவர்களுக்குச் சில அடையாளங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே சீராக வட்டமான சிறு புள்ளிகள், காய்ச்சல் இல்லை, எடை இறங்கவில்லை, நோயாளி படத்தைவிட நன்றாக இருக்கிறார் என்றால் தூசியை நினையுங்கள். நுரையீரல் வாசலில் நிணநீர்க் கட்டிகளின் ஓரம் முட்டை ஓடு போலச் சுண்ணாம்பேறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். தினையளவுப் புள்ளிகளோடு காய்ச்சலும் மெலிவும் இருந்தால் மிலியரி டி.பி.யை முதலில் விலக்குங்கள், தாமதம் உயிருக்கு ஆபத்து. ஆனால் 'இது அல்லது அது' என்று தீர்மானிக்க அவசரப்படாதீர்கள். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. இரண்டும் சேர்ந்திருந்தால் சிகிச்சையை ஆறு மாதத்தைத் தாண்டி நீட்டுவதும் உண்டு.

சிலிக்கோசிஸைக் கரைக்கும் மருந்து இல்லை. காசநோய்க்கு இருக்கிறது. என்.எல்.சி. தொடங்கிய அதே 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலே சானடோரியத்தில் படுத்தவர் அளவுக்குக் குணமாகிறது என்று அங்கே நடந்த ஆய்வு 1959-இல் காட்டியது. உலகம் முழுக்கச் சிகிச்சை முறையை மாற்றிய முடிவு அது. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த நிக்ஷய் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். கேட்டு வாங்குங்கள்.

மூச்சை அளப்பது

"மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் பாதிப் பேர் "வயசாயிடுச்சு, அதான்" என்பார்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் எம்.எம்.ஆர்.சி. அளவுகோலை டவுன்ஷிப் சாலைக்கு மாற்றிச் சொல்லிப் பார்க்கலாம். கடுமையாக உழைத்தால் மட்டும் வாங்கினால் 0. சமதரையில் வேகமாக நடந்தாலோ மேடேறினாலோ வாங்கினால் 1. மெயின் பஜாருக்கு உடன் நடக்கும் ஒத்த வயதுக்காரர் முன்னால் போய்விடுகிறார், நீங்கள் பின்தங்குகிறீர்கள் அல்லது நின்று நின்று போகிறீர்கள் என்றால் 2. நூறு மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருந்தால் 3. சட்டை மாட்டும்போதே வாங்குகிறது, வீட்டை விட்டே கிளம்புவதில்லை என்றால் 4. இரண்டைத் தொட்டுவிட்டால் வயதின் மேல் பழி போடுவதை நிறுத்திவிட்டு ஸ்பைரோமெட்ரி கேளுங்கள்.

அந்தப் பரிசோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை, குழாயில் ஊதுவதுதான். ஊதத் தெரியாமல் கெடுவதுதான் அதிகம். மூச்சை முழுக்க இழுத்து, உதட்டை இறுக மூடி, ஒரே வேகமாக வெடித்தாற்போல் ஊதி, நெஞ்சு காலியாகும்வரை, குறைந்தது ஆறு விநாடி, விடாமல் ஊத வேண்டும். மூன்று முறையாவது ஊதச் சொல்வார்கள். அன்று காலை இன்ஹேலர் எடுத்திருந்தால் சொல்லுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். அண்மையில் மாரடைப்போ கண் அறுவையோ நடந்திருந்தால் முதலில் அதைத் தெரிவியுங்கள்.

முதல் விநாடியில் வெளிவரும் காற்றை மொத்தக் காற்றால் வகுத்தால் வருவது விகிதம். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 0.70-க்குக் கீழே நின்றால் நிலையான அடைப்பு. மருந்துக்குப் பின் அந்த முதல் விநாடிக் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் ஆஸ்துமா பக்கம் சாய்கிறது. மாணவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஆரம்ப நிலைச் சிலிக்கோசிஸில் ஸ்பைரோமெட்ரி முற்றிலும் இயல்பாக இருக்கலாம்.

இன்ஹேலர்

"அதுக்கு அடிமையாகிடுவோம், மாத்திரையே குடுங்க." இந்தப் பேச்சைக் கேட்காத மருத்துவர் கிடையாது. கணக்கைப் பாருங்கள். சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். இன்ஹேலரின் ஒரு அழுத்தம் 100 மைக்ரோகிராம், நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்துவிட்டுத்தான் நுரையீரலுக்குப் போகிறது. அப்படியானால் குறைந்த மருந்தை உரிய இடத்தில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

தவறு நடப்பது இழுக்கும் வேகத்தில். அழுத்தும் வகை என்றால் மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும், பிறகு பத்து விநாடி அடக்க வேண்டும். ஸ்பேசர் என்ற இணைப்புக் குழல் இருந்தால் கையும் மூச்சும் ஒத்துப்போகாத குறை தீரும். கேப்ஸ்யூல் போட்டுத் திருகும் ரோட்டாஹேலர் என்றால் நேர்மாறு: சட்டென்று, பலமாக இழுக்க வேண்டும். ஒருவர் இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே மாதிரி இழுத்தால் ஒன்றாவது வீண். கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு "ஒண்ணும் கேக்கல டாக்டர்" என்று வருபவர்களும் இருக்கிறார்கள். மருந்து எழுதிக் கொடுக்கும் மாணவரே, உங்கள் எதிரில் ஒருமுறை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாயில் வெண்பூஞ்சை வரலாம்.

திடீரென்று இழுப்பு வந்தால்: நிமிர்ந்து உட்கார வைத்து, நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக நான்கு அழுத்தம். இருபது நிமிடத்தில் தணியாவிட்டால் மறுபடி கொடுத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம், தூக்கக் கலக்கம், இருமலில் ரத்தம் என்றால் இருபது நிமிடம்கூடப் பார்க்க வேண்டாம். நாள்பட்ட அடைப்பு நோயாளிக்கு ஆக்சிஜன் வைக்கும் மாணவர்கள் அளவை 88 முதல் 92 சதவீதத்தில் நிறுத்துங்கள். நூறு காட்டினால் மகிழ வேண்டாம், கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம்.

துண்டு, முகக்கவசம், காகிதம்

வாயில் கட்டும் துண்டு கண்ணுக்குத் தெரியும் மண்ணைத் தடுக்கும். கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியாத, ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகள். தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவு. அந்தத் துகளுக்குத் துண்டின் நெசவு அகலத் திறந்த கதவு. என்-95 அல்லது எஃப்.எஃப்.பி.2 வகைக் கவசம் வேண்டும், அதுவும் கன்னத்தோடு ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. வெயிலில் எட்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு மண்வெட்டி பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது எழுதுபவர்களைவிடப் போடுபவர்களுக்குத் தெரியும். ஆகவே தண்ணீர் தெளித்துத் தூசியை எழும்பும் முன் அடக்குவதுதான் முதல் வழி. கவசம் அதற்குப் பிறகு.

கடைசியாகக் காகிதம். 1955-ஆம் ஆண்டுச் சுரங்க விதிகள் வேலையில் சேரும்போதும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று வகுத்தன. அந்தத் தகுதிச் சான்றிதழ்தான் 'படிவம் ஓ'. பலர் 'ஃபிட்' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்ரே படத்தையும் ஸ்பைரோமெட்ரி எண்களையும் நகல் கேட்டு வாங்கி வையுங்கள். பத்து வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை விளக்குப்பெட்டியில் அடுத்தடுத்து வைத்தால், தனியொரு படம் சொல்லாததை அவை சொல்லும். ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய பதிவு கூடவே வராது. கேட் பாஸ், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் ஆகியவை நீங்கள் எந்த வருடம் எங்கே வேலை பார்த்தீர்கள் என்பதற்குச் சாட்சி. சிலிக்கோசிஸும் கரித்தூசி நோயும் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோய்களாக இடம்பெற்றவை. உரிமை கோரும்போது நோயை மருத்துவர் நிரூபிப்பார். வேலை பார்த்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சுருக்கமாக ஒரு தாளில் வருடம், இடம், வேலை, ஒப்பந்ததாரர் பெயர் என்று எழுதி, எக்ஸ்ரே உறைக்குள்ளேயே போட்டு வையுங்கள். அடுத்த முறை டாக்டர் கேட்டால் அந்தத் தாளை எடுத்து நீட்டலாம்.